தேர் வீதியில் என் குதிக்கால்

சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்து என் குதிக்கால்கள் தடித்துப்போயிருந்தன. கனடாவின் மொன்றியல் நகரக் கோவில் தேரன்று கொதிக்கும் தார் வீதியில் வெறுங்காலோடு நடந்தேன். சூடே தெரியவில்லை என்றேன்.

"அம்பாளின்ர அருள்," என்றார் கூட நடந்த ஒரு அக்கா.

பிறகு வெடிப்பில் இரத்தம் கசிந்ததும் மருத்துவரிடம் போனேன். அடியிலிருந்து புதுத் தோல் வர, பழையது தானாக உதிர வேண்டுமாம். ஓயாமல் அழுத்தம் பட்டால் உதிராமல் அடுக்கடுக்காகத் தங்கிவிடுமாம். யூரியா கிரீம் எழுதித் தந்தார். பூசினேன், குளிக்கும்போது கல்லால் மெதுவாகத் தேய்த்தேன். குளிர்காலம் முடிவதற்குள் தோல் மெலிந்துவிட்டது.

அடுத்த தேரில் பாதி வீதியிலேயே கால் சுட்டது. புல்லுக்கு ஒதுங்கினேன்.

"போன வருசம் இருந்த பக்தி இப்ப எங்கை பிள்ளை?" என்றார் அதே அக்கா.

கிரீமில் கரைந்துபோனது என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, புல்லோரமாகவே தேரோடு நடந்தேன்.