பிளானைப் பிடிக்கப் போய் லாட்டுகளைத் தொலைத்தேன்

போடி ஏலக்காய் ஏலத்துக்கு வியாபாரிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஏல மையக் கணினியில் பழைய லாட்டுகளை, அதாவது ஏலத்துக்கு வந்த காய்க் குவியல்களின் பதிவுகளை, நீக்கும் புரொசீஜர் என்ற நிரல் ஏன் இழுக்கிறது என்று பார்க்க, அது பதிவுகளைத் தேடும் வழியான குவரி பிளானை ஒரு டேபிளில் பதியும் வரியை உள்ளே சேர்த்து, எதுவரை பழையது என்பதற்குச் சோதனையாக இன்றைய தேதியைக் கொடுத்தேன். பிளானை மட்டும் காட்டும் என்று நம்பினேன். நேரத்தையும் அளக்கச் சொல்லியிருந்ததால், அளப்பதற்காக ஓடி, நிஜமாகவே நீக்கிவிட்டது.

என் திரையில் இன்றைய லாட்டு ஒன்றுகூட இல்லை.

மலையிலிருந்து ஜீப்பில் காய் கொண்டுவந்த அண்ணன் ஒருவர் குனிந்தார். "அப்பு, நம்ம லாட்டு எத்தனையாவதா வருது?"

"பாத்துச் சொல்றேண்ணே."

மாற்றத்தை நிரந்தரமாக்கும் கமிட் கொடுத்திருந்தால் எதுவும் திரும்பாது. கொடுத்தேனா? நினைவில்லை. செய்ததையெல்லாம் திரும்பப் பெறும் ரோல்பேக் அடித்தேன்.

எல்லாம் வந்தன. "ஏழாவதுண்ணே."

"அதுக்கு ஏம்ப்பு இப்படி வேர்க்குது?"

ரோல்பேக்கில் டேபிளில் பதிந்திருந்த பிளானும் சேர்ந்து போய்விட்டது. புரொசீஜர் இன்னும் இழுக்கிறது. நாளை மறுபடி பிளானைப் பிடிக்க என் நாற்காலியில் உட்கார யாருக்காவது தைரியம் இருக்கிறதா?