கைடில் இருந்த அப்பா

மகளின் ஜெர்மன் கைடைப் புரட்டியதும் பற்றிக்கொண்டு வந்தது. ‘என் தந்தை ஒரு டாக்டர். எங்கள் வீட்டில் பெரிய தோட்டம் உண்டு.’ என் காலத்துக் கட்டுரை, ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த டாக்டர் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

பிளஸ் டூவில் மார்க் அள்ளலாம் என்றுதான் பள்ளியில் எங்களை ஜெர்மன் எடுக்க வைத்தார்கள். முதல் பரீட்சையில், அப்பா ஆட்டோ ஓட்டுகிறார் என்று பிழையில்லாமல் சொந்தமாக எழுதினேன். மிஸ் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்தார்.

"கைடுல இருக்கறத எழுது. உன் கதை யாருக்கு வேணும்?"

அன்றே மனப்பாடம் செய்தேன்.

அந்த வாரம் அப்பா, பல வருடமாக இங்கேயே இருக்கும் ஜெர்மன்கார அம்மா ஒருவரைச் சவாரி ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலில் நிறுத்தினார்.

"எம்பொண்ணு உங்க பாஷை பேசும், கேளுங்க."

பயத்தில் என் வாயில் கட்டுரைதான் வந்தது. அந்த அம்மா சிரித்தபடி தமிழில் சொன்னார்: "அப்பா டாக்டர்னு சொல்றா."

அப்பா காக்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்டோவைக் கிளப்பினார். அப்புறம் என்னை ஜெர்மன் பேசச் சொன்னதேயில்லை.

இன்று மகளின் கண்ணெதிரே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அவள் அசரவில்லை.

"கிழிச்சிக்கம்மா. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு."