செட்டு ஆறும் நேரம்

சிவப்பு வெல்வெட் துணியில், ஓரத்துக்குப் பொன்னிறக் குஞ்சம் வைத்துத் தைத்த உறை அது. ராகலை டவுனில் துணி எடுத்து, அளவை டெய்லரிடம் இரண்டு தடவை சொல்லி, சித்தி தைத்து வாங்கினார். வீட்டில் மனிதர்கள் போர்த்திக்கொள்ள அப்படியொரு துணி இருந்ததில்லை. அது குவைத்திலிருந்து அவர் கொண்டுவந்த பாட்டு செட்டுக்கு. நடுவில் ஆம்ப், இரண்டு பக்கமும் இடுப்பளவு உயரத்தில் ஸ்பீக்கர் பெட்டிகள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயம் வரை அதைத் தூக்கி வந்தவர்கள் வழி முழுக்கச் சித்தியின் அதட்டலைக் கேட்டபடிதான் வந்தார்கள்.

சித்தி என் அம்மாவின் தங்கை. வீட்டு வேலைக்காக அவர் குவைத்துக்குப் போனபோது அவருடைய ஒரே மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். சித்தப்பா கொழும்பில் கடை வேலை. மாதம் ஒருமுறை வருவார். ஆகவே குழந்தை அதே லயத்தில் எங்கள் வீட்டில் எனக்குத் தங்கையாக வளர்ந்தாள். என் அம்மாவை அம்மா என்றாள். தொலைபேசியில் குரலாக மட்டும் வந்த தன் தாயை, நாங்கள் கூப்பிட்ட மாதிரியே சித்தி என்று கூப்பிட்டாள். சித்தி திரும்பி வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். கொண்டுவந்த சாக்லேட்டை வாங்கிக்கொண்டு, என் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சித்தி அழவில்லை. "பரவால்ல, பழகட்டும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரிக்கத் தொடங்கினார்.

செட்டுதான் அவளை அந்த வீட்டுக்குள் இழுத்தது. பாட்டுக் கேட்டதும் எங்கள் வீட்டிலிருந்து ஓடுவாள். சித்தியின் முன்னறையில் ஆடுவாள். பாட்டு நின்றதும் திரும்பி வந்துவிடுவாள். அதைச் சித்தி கண்டுகொண்டார். அதனால் பாட்டு நிற்காமல் பார்த்துக்கொண்டார். சனி, ஞாயிறுகளில் காலையில் போட்டால் விளக்கு வைக்கும் நேரம் வரை ஓடும். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலுள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு வீட்டுப் பாட்டு எல்லா வீட்டுக்கும் பாட்டு. "ஒங்க வீட்டுப் பாட்டுக்கு எங்க வீட்டுச் சட்டி பானை ஆடுதுக்கா" என்று பக்கத்து வீட்டு அண்ணன் இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து குரல் கொடுப்பார். "சட்டிக்கு இருக்கிற ரசனை ஒனக்கு இல்லையேடா" என்பார் சித்தி.

அவருக்கு இருந்த ஒரே கவலை ஈரம். எங்கள் பக்கம் பனிமூட்டம் கதவைத் தட்டிக் கேட்டு வருவதில்லை. சுவர் வியர்க்கும், தலையணை சில்லிட்டுக் கிடக்கும். ஈரம் ஆகாத பொருள் எதுவானாலும் அடுப்புச் சுவரில் சாய்த்து வைப்பது லயத்து வழக்கம். குசினிக்கும் முன்னறைக்கும் நடுவிலுள்ள அந்தச் சுவர் மட்டும்தான் வருடம் முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும். உப்பு டின், நெருப்புப் பெட்டி, கைக்குழந்தையின் துணி எல்லாம் அங்கேதான். சித்தி செட்டையும் அங்கேதான் வைத்தார். ஆம்பின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்க, மேலே வெல்வெட் உறை. பாட்டு ஓடும்போதும் உறையைக் கழற்றுவதில்லை. முன்பக்கம் மட்டும் தூக்கிவிடுவார். காற்றோடு பனி உள்ளே போய்விடுமாம். குளிருக்குப் பிள்ளையைப் போர்த்துகிற மாதிரிதான் அதைப் போர்த்தினார். லயத்தில் யாருக்கும் அது தவறாகப் படவில்லை. அந்தக் குளிரில் ஒரு பொருள் சூட்டினால் கெட்டுப்போகும் என்று எங்களில் எவருக்குத் தோன்றும்?

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பாவும் வந்திருந்தார். மழை விடாமல் பெய்ததால் பிள்ளைகள் எல்லோரும் முன்னறையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். முதலில் ரப்பர் தீய்கிற மாதிரி ஒரு நாற்றம். குசினியில் ஏதோ அடிப்பிடித்துவிட்டது என்று நினைத்தோம். பிறகு உறையின் பின்பக்கத்திலிருந்து புகை எழுந்தது. குஞ்சத்தில் சின்னதாக நெருப்பு தெரிந்தது. சித்தப்பா தண்ணீர் வாளியைத் தூக்கினார்.

"தண்ணிய கீழ வைங்க. கரண்டு ஓடுது" என்றார் சித்தி. கத்தவில்லை. வாசலோரம் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தார். பாட்டு பாதியில் நின்றது. பிள்ளைகளை வெளியே தள்ளிவிட்டு, ஒரு விறகுக் குச்சியால் உறையை இழுத்துத் தரையில் போட்டு, செருப்புக் காலால் மிதித்து அணைத்தார்.

ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். ஒன்றில் பிடித்தால் எல்லாம் போகும். லயத்தில் பிறந்த எவருக்கும் இதைச் சொல்லத் தேவையில்லை. மாலையில் தோட்டத் தலைவர் வந்தார், பின்னாலேயே அக்கம்பக்கத்தார். "பாட்டு கேக்க வேணாம்னு சொல்லல தங்கச்சி. ஆனா புள்ள குட்டியோட இருக்கோம். இது இங்க வேணாம்" என்றார் தலைவர். வழக்கமாகக் கிண்டல் பேசும் அண்ணன் அன்று கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். சித்தி தலையாட்டினார். அவர் பார்வை தலைவர் மேல் இல்லை. எங்கள் வீட்டு வாசலில் என் அம்மாவின் கையைப் பிடித்து நின்ற மகள் மேல் இருந்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமில்லை. தங்கையும் அங்கே போகவில்லை. என் அம்மா, "போய் ஒங்க அம்மாகிட்ட கொஞ்ச நேரம் இருந்துட்டு வா" என்று அனுப்பினால், "அங்க என்னா இருக்கு" என்று கேட்டாள்.

சித்தி நுவரெலியாவிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அந்த ஆள் கருகிய வயரை மாற்றி, சுவரில் புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் அடித்தார். பின்பக்கத்திலிருந்த ஓட்டைகளைக் காட்டி, அந்த வழியாகத்தான் இது மூச்சு விடும், இதை மூடக் கூடாது, சூடான சுவர்ப் பக்கமே போகக் கூடாது என்றார். சித்தி ஆம்பை எதிர்ச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, உயரமான மேசையில் வைத்தார். பிறகு தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் செட்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சூடானா நிப்பாட்டிருவியா?" என்று கேட்டார்.

"என் மக தொட்டுப் பாத்து சொல்லுவா. அவ சொன்னா நிப்பாட்டிருவேன்" என்றார் சித்தி.

தங்கை திகைத்துப் போய்ப் பார்த்தாள். ஆனால் வேலை பிடித்துவிட்டது. சில பாட்டுகளுக்கு ஒருமுறை, காய்ச்சல் பார்க்கிற மாதிரி ஆம்பின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். "சித்தி, சுடுதுங்க" என்பாள். சித்தி உடனே நிறுத்திவிடுவார். ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டு நின்றதும் ஓடிவிடுகிறவள் இப்போது ஓட முடியாது. ஆறிவிட்டதா என்று பார்ப்பதும் அவள் பொறுப்பு. அந்த இடைவெளியில்தான் இருவரும் பேசத் தொடங்கினார்கள்.

"குவைத்துல மழ பெய்யுமா?"

"எப்பயாச்சும்."

"அங்கயும் ஒரு புள்ளய பாத்துக்கிட்டீங்களாமே. அவ பேரு என்னா?"

சித்தி பெயரைச் சொன்னார். "அவள குளிப்பாட்டறப்பல்லாம் ஒன்னையதான் நெனச்சுக்குவேன்" என்றார். தங்கை ஆம்பைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் ஆறல" என்றாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அது ஆறி வெகுநேரமாகிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

இப்போது தங்கை நுவரெலியாவில் ஒரு போன் கடையில் வேலை செய்கிறாள். பிளக்கில் மாட்டிய ஸ்பீக்கரைக் கட்டில் மேல் வைத்துவிட்டுத் தூங்கும் வாடிக்கையாளர்களைத் திட்டுவதில் பெயர் எடுத்திருக்கிறாள். சித்தி அதே லயத்தில் இருக்கிறார். சித்திரை மாதத்து மதியங்களில் இறம்பொடைப் பக்கம் வானம் கறுத்தால், இடி கிட்ட வருவதற்கு முன்பே அவருடைய போன் அடிக்கும். போன மாதம் நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"சித்தி, பிளக்க கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன்டி."

"டிவியோடதும்?"

"அதுவும்தான்."

"சரி, இடி விடுற வரைக்கும் சும்மாதானே இருப்பீங்க. என்னா சமைச்சீங்க, சொல்லுங்க."

சித்தி போனை மடியில் வைத்துக்கொண்டு, வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலைச் சமையலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.