வெள்ளையடிக்காத படம்

பாசத்தோடு செய்த ஒரு காரியம், பாசம் வைத்த ஆளையே எப்படி அவமானப்படுத்த முடியும்? அந்த வாரம் எங்கள் தெருவில் பலரும் இதைக் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

கதை ஸ்டூடியோக்காரருடையது. பாஸ்போர்ட் படமோ பள்ளிக்கூடக் குழுப்படமோ, அவர் கேமராவுக்கு முன் நிற்காத முகமே எங்கள் தெருவில் கிடையாது. குழந்தை சிரிக்கவில்லையென்றால் தானே தேம்பித் தேம்பி அழுதுகாட்டிச் சிரிக்கவைப்பார். யாரைப் படம் எடுத்தாலும் பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை இரண்டு படி வெளுப்பாக்கிவிடுவார். யாரும் கேட்டுச் செய்வதல்ல. விருந்தாளிக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவதுபோல, அதை ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தார்.

பக்கத்துக் கடை தையல்காரம்மாவுடையது. வேறு கண்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நெருக்கமான சுருட்டை முடி, கருகருவென்ற நிறம். தெருவில் சிலர் துணியை நீட்டி அளவு சொல்வதோடு சரி, அந்தக் கடையில் உட்கார மாட்டார்கள். ஸ்டூடியோக்காரர் அப்படி இல்லை. இரண்டு கடைக்கும் நடுவே பலகைச் சுவர்தான். இவர் இந்தப் பக்கம் ஓயாமல் பேச, அந்தப் பக்கம் அதைக் கேட்டுக் கேட்டே அந்தம்மா தமிழ் பேசப் பழகிவிட்டார். "அண்ணே" என்று கூப்பிட்டால் கூடப்பிறந்த தங்கை கூப்பிடுவதுபோல இருக்கும்.

அந்தம்மாவின் ஒரே மகளுக்கு வெளிநாட்டில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. கொண்டுபோவதற்காக அம்மாவும் மகளும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். தங்கை வீட்டு வேலையாயிற்றே என்று ஸ்டூடியோக்காரர் இரண்டு படிக்குப் பதில் நான்கு படி ஏற்றினார். சட்டம் போட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கொண்டுபோய் நீட்டினார்.

அந்தம்மா வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இது யாரு?"

"யாரா? நீதாம்மா! சினிமாக்காரி மாதிரி இல்ல?"

"என் பொண்ணு அங்க தனியா உட்கார்ந்து, அம்மா முகத்தைப் பார்க்கணும்னு இதை எடுத்துப் பார்ப்பா. இதுல அம்மா எங்கண்ணே?"

படத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

"நல்லது செய்யப் போனா இதான் கதி," என்று ஸ்டூடியோக்காரர் வீட்டில் புலம்பினார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"நம்ம கல்யாண ஆல்பத்துல என்னையும்தான் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கீங்க. எங்கம்மாவே, 'யாரு மாப்பிள்ளை இந்தப் பொண்ணு'ன்னு கேட்டாங்க."

"அது தமாஷுக்குக் கேட்டாங்கடி."

"நான் சிரிச்சேனா?"



மறுநாள் கடையைத் திறந்ததும், அந்தப் படத்தில் ஏற்றிய வெளுப்பையெல்லாம் எடுத்துப் பார்த்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. இரண்டு முகமும் இருட்டில் மூழ்கி, கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. பிறகு வெளுப்பாக்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில், கறுத்த முகத்துக்கு விளக்கு வைக்க அவர் கற்றுக்கொள்ளவே இல்லை. மறுபடி எடுத்தால்தான் உண்டு. மகளோ அடுத்த நாள் கிளம்புகிறாள்.

பக்கத்துக் கடை வாசலில் போய் நின்றார். மெஷின் நிற்கவில்லை.

"மறுபடியும் வெள்ளையடிக்க வந்தீங்களா?"

"இல்லம்மா. உன் முகத்துக்கு லைட் வைக்க எனக்குத் தெரியல. தெரியாததை மறைக்கத்தான் பூசிக்கிட்டே இருந்திருக்கேன். இன்னும் ஒரே ஒரு தடவை உட்காரு."

மெஷின் நின்றது.

"எனக்கு இன்னைக்குத் தலைக்கு மேல வேலை. இங்கேயே எடுக்கிறதுன்னா எடுங்க."

அவரும் மனைவியுமாக விளக்குகளைத் தூக்கி வந்தார்கள். மகளும் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். நேராக வைத்தார், நெற்றி மட்டும் மின்னியது. மேலே தூக்கினார், கண் இரண்டும் குழியாகிவிட்டன. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. அதைப் பார்த்து அந்தம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கறுப்புத் துணியில தையல் தெரியணும்னா நான் விளக்கை நேரா வைக்க மாட்டேண்ணே. பக்கவாட்டுல சாய்ச்சு வைப்பேன்."

அவர் சாய்த்து வைத்தார். மனைவி கடையிலிருந்த வெள்ளை லைனிங் துணியை உதறி எதிர்ப்பக்கம் விரித்துப் பிடித்தார். அதில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் கன்னமும் தாடையும் மெல்ல எழுந்து வந்தன. கறுப்புக்குள் செம்மையும் பழுப்புமாக எத்தனை சாயல்! ஸ்டூடியோக்காரர் கேமராப் பொத்தானை அழுத்த மறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, கால் மரத்துப்போச்சு!"

எடுத்து முடித்ததும் கேமராத் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். மகள் கிட்டே குனிந்தாள்.

"அம்மா, உன் புருவத்துத் தழும்புகூட இருக்கு. சின்னதுல நான் பொம்மையால அடிச்சது."

"அதை மட்டும் அழிச்சிடலாமாண்ணே?"

"தொட்டேன்னா உன் பொண்ணு என் கையை உடைச்சிடுவா."

நாலு பேரும் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. மகள் அந்தப் படத்தோடுதான் விமானம் ஏறினாள்.

"கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்க" என்று கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். ஸ்டூடியோக்காரர் வாதாடிப் பார்க்கிறார். சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். சிலர் அவர் வைக்கும் விளக்கில் தங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் வாங்கிப் போகிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது படம் எடுக்கும் தொழிலில் இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். படம் எடுத்துக்கொள்ளப் போகிறவர்களிடமும் சொல்லுங்கள்.