கத்திகளுக்குக் காற்று வேண்டும்

மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் பழைய கோப்பு அறைக்குப் பொறுப்பாக இருபத்தாறு வருஷம் இருந்தவர் லூர்துசாமி. அந்த அறையின் ஜன்னல்களில் பாதிக்குக் கண்ணாடி கிடையாது. மாட்டித் தரச் சொல்லி அவர் எழுதிய கடிதங்களே தனிக் கோப்பாகி ஒரு தட்டை அடைத்துக்கொண்டிருந்தன. எதையும் இறுக்கி மூடி வைத்தால்தான் நிலைக்கும் என்பது அவர் கட்சி. அலுவலகத்தில் அது நடக்கவில்லை. வீட்டில் நடத்திக் காட்டினார்.

வீட்டில் அவர் காப்பாற்றியது மடக்குக் கத்திகளை. பாண்டிச்சேரியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டுகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே பொறுக்கியெடுத்தவை. வெளிநாட்டுக் கத்திகள், கப்பல்காரர்களும் வெள்ளைக்காரர்களும் விட்டுப்போனவை என்று விற்கிறவன் சொல்வான், இவரும் நம்புவார். மொத்தம் முப்பத்தொன்று. அவற்றின் அலகைவிடக் கைப்பிடிதான் லூர்துசாமியை மயக்கியது. ஒன்று ஆமை ஓடு மாதிரி, ஒன்று முத்துச் சிப்பி மாதிரி, ஒன்று தேனை உறைய வைத்த மாதிரி. எல்லாமே செலுலாய்டு என்கிற அந்தக் காலத்துப் பிளாஸ்டிக். ஆமையும் கிடையாது, முத்தும் கிடையாது என்று அவருக்கும் தெரியும். அதனால் மயக்கம் குறையவில்லை.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, கடல் வருகிறது என்று ஜனங்கள் கடற்கரைப் பக்கமிருந்து ஓடி வந்தபோது, அவர் மனைவி பொன்னி மகள் இசைவாணியின் கையையும் ரேஷன் கார்டையும் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். லூர்துசாமி கத்திப்பெட்டியோடு வந்தார். தண்ணீர் மஞ்சக்குப்பம் வரை வரவில்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பொன்னி மறக்கவில்லை. எந்தச் சண்டையும் கடைசியில் அங்கேதான் போய் நின்றது.

லூர்துசாமிக்கு அன்றைக்குப் பிறகு உப்புக்காற்றின் மேல் பயம் வந்துவிட்டது. ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத டப்பாக்கள் நாலு வாங்கினார். ஒவ்வொரு கத்தியையும் தோல் உறையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைப் பக்கத்தில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை, ஈஸ்டர் முடிந்த வாரத்தில் மட்டும் திறந்து அலகுகளுக்கு எண்ணெய் போடுவார்.

2006இல் திறந்தபோது இலேசாகக் கற்பூர வாசனை வந்தது. சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். அடுத்த வருஷம் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. பொன்னி வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, எனக்குத் தெரியாம யாருக்கு சூடம் ஏத்துறீங்க?"

அவர் கத்தியைக் காட்டினார். அவள் நம்பவில்லை. அந்த வாரம் பூசைக்குப் போய் அவருக்காகத் தனியாக ஜெபித்துவிட்டு வந்தாள்.

2008இல் மூடியைத் திறந்ததும் கற்பூரத்தோடு சேர்ந்து வேறொரு காரமான நெடி மூக்கில் ஏறியது. கண் எரிந்தது. ஏழு கத்திகளின் கைப்பிடி வியர்த்திருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. ஒன்றில் கோடு கோடாய் விரிசல், இன்னொன்று கற்கண்டு மாதிரி உதிர்ந்தது. பித்தளைப் பட்டைகளில் பச்சை பூத்திருந்தது. நன்றாக இருந்த கத்திகளின் அலகுகூட, இந்த ஏழுக்குப் பக்கத்தில் படுத்திருந்த பாவத்துக்குத் துருவேறிக் கிடந்தது. அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அலுவலகத்தில் பென்சில் சீவ ஜன்னலோரம் போனபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. ஸ்பிரிங் உடைந்து, டப்பாவில் வைக்க லாயக்கில்லை என்று அவர் ஒதுக்கிய ஒரு கத்தி, கண்ணாடி இல்லாத அந்த ஜன்னலின் கட்டையில் நாலு வருஷமாகக் கிடந்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கைப்பிடி பளபளவென்று இருந்தது.

அதே அலுவலகத்து டிரைவர் தங்கராசு உதிர்ந்த கைப்பிடியை முகர்ந்து பார்த்துவிட்டு, சின்ன வயதில் தன் மாமாவின் சட்டையில் இந்த நாற்றம் வரும் என்றான். மாமா சுப்பிரமணியன் சிதம்பரத்தில் ஒரு சினிமா கொட்டகையில் நாற்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். லூர்துசாமி அந்தச் சனிக்கிழமையே ஜன்னல் கத்தியை நினைத்து ஓட்டை போட்ட டப்பாவில் கத்திகளை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினார்.

சுப்பிரமணியன் டப்பாவைத் திறக்கும் முன்பே வாயிலிருந்த பீடியை அணைத்துத் தூர எறிந்தார். பிறகு ஒரு முறை முகர்ந்தார், போதும் என்று தள்ளி வைத்தார். அந்தக் காலத்துப் பிலிமும் இதே சரக்குதான் என்றார். இதற்குள் சூடம் சேர்த்திருக்கிறார்கள். கெடத் தொடங்கினால் முதலில் அந்தச் சூடம் வெளியே வரும், பின்னாலேயே ஆசிட் ஆவி வரும். மூடி வைத்தால் அந்த ஆவி போக வழியில்லாமல் திரும்ப அதையே தின்னும், பக்கத்தில் இருப்பதையும் தின்னும். ஒரு சுருள் கெட்டால் தியேட்டர்காரர்கள் அந்த அறையிலேயே வைத்திருக்க மாட்டார்களாம்.

"இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றார் லூர்துசாமி.

"கெட்டத பிரிச்சி வைங்க. மத்ததுக்குக் காத்து வுடுங்க. வெயில் கூடாது, சூடு கூடாது, தோல் உறை கூடாது, நெருப்பு கிட்டவே கூடாது. வெளுத்த நெறம், கண்ணாடி மாதிரி இருக்கறது மொதல்ல போவும். கருப்பு கொஞ்சம் தாங்கும்."

"அப்படி வெச்சா நின்னுடுமா?"

"நிக்காது. லேட்டாவும்."

இருபத்தாறு வருஷத்து உத்தியோகத்தில் தாமதத்துக்காக ஒருவர் பாடுபடச் சொன்னது லூர்துசாமிக்கு அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. டப்பாவின் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கெட்ட ஏழு கத்திகளையும் கொல்லைச் சுவரோரம் ஒரு தகர நிழலில் வைத்தார். மீதி இருபத்து நாலுக்கும் முன்னறையில் குறுக்காகக் கொடி கட்டி, ஒவ்வொன்றையும் நூலில், ஒன்றையொன்று தொடாமல், சாண் இடைவெளியில் தொங்கவிட்டார். கிழக்கு ஜன்னலில் வெயில் வந்ததால் அதற்குத் திரை. மேற்கு ஜன்னல் எப்போதும் திறந்திருக்கும். மின்விசிறி கத்திகளுக்கு நேராக மாறியது. நாற்காலிகள் சமையலறைப் பக்கம் போயின. அந்த வருஷங்களில் மின்வெட்டு ஜாஸ்தி. கரண்ட் போனால் லூர்துசாமி பனைவிசிறியை எடுத்துக்கொண்டு கொடியின் கீழே நின்று வீசுவார். பக்கத்து அறையில் வியர்த்துக்கொண்டு படுத்திருக்கும் பொன்னி ஒன்றும் சொல்லமாட்டாள். கடல் வந்த அன்றைக்கே சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டிருந்தாள்.

இந்தக் கோலத்தில்தான் 2009 ஆவணியில் இசைவாணியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஆரோக்கியராஜுக்கு நெய்வேலியில் வேலை. அப்பா சாமிக்கண்ணு, புவனகிரிக்காரர், மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வருவதற்குள் கத்திகளை ஒளித்து வைக்கச் சொல்லிப் பொன்னி மூன்று நாள் கெஞ்சினாள். ஒரே நாளில் ஒன்றும் கெட்டுவிடாது என்று லூர்துசாமிக்கும் தெரியும். இருந்தாலும் மூடி வைக்க அவருக்கு மனசு வரவில்லை. வந்தவர்கள் தலைக்கு மேல் கத்தி தொங்கும் அறையில், கொஞ்சம் குனிந்தபடியே காபி குடித்தார்கள்.

சாமிக்கண்ணு மட்டும் எழுந்து நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். முப்பது வருஷம் கம்பி சீவியே வாழ்ந்த மனிதர், கத்தியைத் தெரிந்தவர். தேன் நிறக் கத்தியின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"இது எங்க கெடச்சிது?"

லூர்துசாமி நூலை அறுத்து அதை அவர் கையில் வைத்தார். வைத்துக்கொள்ளுங்கள் என்றார். யாரும் எதிர்பார்க்கவில்லை. பொன்னிக்கே கண் கலங்கியது. இருபத்து நாலு கத்தியில் மனுஷன் மிக அழகானதைக் கொடுத்துவிட்டாரே என்று அன்று சாயங்காலமே புவனகிரியில் பேச்சு. ஒரு வாரத்தில் சம்மதம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

உண்மை லூர்துசாமிக்கு மட்டும் தெரியும். வெளுத்த, கண்ணாடி மாதிரியானது முதலில் போகும். அந்தத் தேன் நிறத்தில் பத்து நாளாகவே மெல்லிய கற்பூர வாசனை வர ஆரம்பித்திருந்தது. கொடியிலிருந்து அதை எப்படிப் பிரிப்பது, எங்கே வைப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் சாமிக்கண்ணு அதன் முன்னால் வந்து நின்றார். மனசு உறுத்தியதால் அரைத் தாளில் விவரமாக எழுதியும் கொடுத்தார்: மூடி வைக்க வேண்டாம், உறை வேண்டாம், காற்றில் வைக்கவும்.

சம்பந்தி கொடுத்ததை அப்படிப் போட்டு வைக்கச் சாமிக்கண்ணு என்ன மரியாதை தெரியாதவரா? நகைக்கடை வெல்வெட் பெட்டியில் கத்தியை வைத்து, மேலே அந்த அரைத் தாளையே மடித்து வைத்து, பீரோவின் உள்அறையில் பூட்டினார். கல்யாணத்துக்குப் பிறகு லூர்துசாமி மாதம் ஒருமுறை புவனகிரி போனார். அப்பாவுக்குத் தன் மேல் எவ்வளவு பிரியம் என்று இசைவாணி பூரித்தாள். அவர் கண் பீரோவின் மேலேயே இருந்ததை அவள் கவனிக்கவில்லை. திறந்து காட்டச் சொல்லிக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டது. மேற்கு ஜன்னல் பெயர்ந்து விழுந்து மூன்று கத்திகள் காணாமல் போயின. இந்தத் தடவை லூர்துசாமி முதலில் பிடித்தது பொன்னியின் கையை. பத்து நாள் கழித்துப் பஸ் ஓடத் தொடங்கியதும் புவனகிரி போனார். அங்கேயும் கரண்ட் வரவில்லை. சாமிக்கண்ணு வழக்கம்போல் வாசலுக்கு வந்து வரவேற்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தார், முகம் பார்த்துப் பேசவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். உள்ளே துருவேறிய அலகும், உடைந்த கற்கண்டு மாதிரி பழுப்புத் தூளும்.

"சம்பந்தி, தப்பு பண்ணிட்டேன். புயலுக்கு அப்புறம் ஈபி பசங்ககூட லைன் வேலைக்குப் போனேன். என் கத்தி காணும். அவசரத்துக்கு நீங்க குடுத்தத எடுத்தேன். கையில எடுத்ததும் பொடிப்பொடியா போச்சி. ரெண்டு வருஷமா தொடாம வெச்சிருந்தேன், ஒரே நாள்ல ஒடச்சிட்டேன்."

லூர்துசாமி சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் சொன்னது, "பரவால்ல வுடுங்க, ஒரு கத்திதானே." சாமிக்கண்ணு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு புவனகிரியில் அவருக்கு மரியாதை இரட்டிப்பானது. கோழி அடிக்காமல் அவருக்குச் சோறு போடுவதில்லை என்றானது. மன்னிக்கத் தெரிந்த மனுஷன் என்று கோயிலில் பங்குச் சாமியாரிடமே சாமிக்கண்ணு சொன்னாராம். இசைவாணி போனில் இதைச் சொல்லத் தொடங்கினாலே லூர்துசாமி போனைப் பொன்னியிடம் நீட்டிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார். கடைசியில் பொன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, போய்ச் சொல்லிவிட்டு வந்து சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

2012 தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னிடமிருந்த கருப்புக் கைப்பிடிக் கத்தியைப் பிராயச்சித்தமாக எடுத்துக்கொண்டு போனார். கற்பூர வாசனை வந்தது, கெடப்போவது தெரிந்தே கொடுத்தது, எதையும் விடாமல் சொன்னார். சாமிக்கண்ணு கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார்.

"பாத்தியாம்மா உங்கப்பாவ. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு பழிய தன் மேல போட்டுக்கினு பேசறாரு."

"இல்ல சம்பந்தி, நெஜமாவே..."

"எனக்குத் தெரியாதா உங்கள?" என்றார் சாமிக்கண்ணு. கருப்புக் கத்தியை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார். "இந்தத் தடவ பீரோ வேணாம். நாளைக்கே பேங்க் லாக்கர்ல வெச்சிடறேன்."

லூர்துசாமி கத்தியைத் திரும்ப வாங்கி, மகளிடம் ஓர் ஆணியும் சுத்தியலும் கேட்டார். வெயில் படாத இடமாகப் பார்த்து, கூடத்து ஜன்னலுக்கு மேலே ஆணியடித்து நூலில் தொங்கவிட்டார். யாரும் எடுக்கக் கூடாது என்று மகளின் இடுப்பிலிருந்த பேத்திக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பினார். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் அது கண்ணேறுக்குக் கட்டியது என்று நினைக்கிறார்கள். சாமிக்கண்ணுவும் மறுப்பதில்லை.