ஜோடி தேடிப் போன சம்பந்திகள்

கள்ளக்குறிச்சியில் கடல் இல்லை. அந்தக் குறையை எங்கள் வீட்டு ஹாலில் தீர்த்து வைத்தவர் என் கணவர். எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிற மனிதருக்கு உப்புத்தண்ணீர் மீன்மேல் எப்படிப் பைத்தியம் பிடித்ததென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்தாலே எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். அப்போது இன்வெர்ட்டரில் முதலில் ஓடுவது மீன் தொட்டியின் மோட்டார். எங்கள் ஃபேன் அப்புறம்தான்.

அந்த ஹாலில்தான் ஐப்பசி மழையில் இரண்டு அம்மாக்களும் ஒன்றுசேர்ந்தார்கள். மாமியார் முதலிலிருந்தே எங்களோடு இருக்கிறார். எலவனாசூர்கோட்டையில் தனியாக இருந்த என் அம்மா வாசலில் வழுக்கி விழுந்ததும், ஒரே மகளான நான் போய் வம்படியாக அழைத்து வந்தேன். "பொங்கல் வரைக்கும் பாக்கறேன். ஒத்து வரலன்னா என் வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்" என்று அம்மா வண்டியிலேயே சொல்லிவிட்டார்.

சண்டை வந்திருந்தால் சமாளித்திருப்பேன். வந்ததோ மரியாதை. "நீங்க சொன்னா சரிதாங்க" என்பார் ஒருவர். "ஐயோ, நீங்க உக்காருங்க" என்பார் மற்றவர். அடுப்பில் இரண்டு ரசம் கொதிக்கும். கோர்ட்டில் உட்கார்ந்து டைப் அடிக்கும்போதுகூட, அம்மா இன்றைக்கே பையைத் தூக்கிவிடுவாரோ என்றே எனக்கு நினைப்பு ஓடும்.

புதுத் தொட்டியின் உப்புத்தண்ணீர் மீன் விடப் பக்குவமானதும், என்னென்ன விடலாம் என்று கணவர் எல்லோரையும் கூட்டிவைத்து போனில் படம் காட்டினார். மாமியாருக்கு வண்ணத்துப்பூச்சி மீன் பிடித்துப்போனது. "அது நாம வைக்கப்போற பவளத்தக் கொத்தித் தின்னுடும்மா" என்றார் கணவர். அம்மா, சிறகை விரித்து நின்ற சிங்க மீனைக் காட்டினார். "வாய்ல அடங்கற மீன எல்லாம் முழுங்கிடும் அத்தை." கல் பவளத்தை வீட்டில் வைப்பது சட்டப்படி தப்பு, அதனால் காளான் மாதிரி ஒன்றும் சட்டைப் பொத்தான் மாதிரி ஒன்றுமாக மெத்தென்ற வகைகளைத்தான் வாங்கப் போகிறோம், அதையும் தள்ளித் தள்ளித்தான் வைக்க வேண்டும், பவளமும் உயிர்தான், பக்கத்தில் வைத்தால் ஒன்றையொன்று கொட்டி எரித்துவிடும் என்றார்.

"ஒரே எடத்துல உக்காந்துக்கினு இருக்கறதுக்குக் கூடவா சண்ட?" என்றார் அம்மா.

கடைசியில் பவளங்களோடு ஒரு ஜோடி கோமாளி மீன் வந்தது. அந்த ஜோடியில் பெரியது பொம்பளை, அது போகும் பக்கமெல்லாம் பின்னாலேயே போகிற பொடிசு ஆம்பளை என்று கணவர் விளக்கியதும், மாமியார் மகனை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் பின்னால் கணவர் ஒரு சின்ன மீனை விட்டார். முன்பாதி கத்தரிப்பூ நிறம், பின்பாதி மஞ்சள். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் அது தன்னந்தனியாகச் சுற்றியது.

"பாவம், ஒண்டியா கீது" என்றார் மாமியார்.

"அதாங்க நானும் பாத்துக்கினே இருக்கேன்" என்றார் அம்மா. இருவருமே கணவனை இழந்து வருஷக்கணக்கில் ஜோடியில்லாமல் இருப்பவர்கள். அவர்களால் அதைப் பொறுக்க முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மயிலம் கோயிலுக்குப் போகிறோம் என்று இருவரும் பஸ் ஏறினார்கள். சேர்ந்து போகிறார்களே என்று நான் பூரித்துப்போனேன். அவர்கள் போனது கணவர் மீன் வாங்கின புதுச்சேரிக் கடைக்கு! அதே மாதிரி இன்னொன்றை வாங்கி, மீன் இருந்த தண்ணீர்க் கவரைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்து, வாசலில் ஆலம் சுற்றி உள்ளே அழைத்து, நாங்கள் வருவதற்குள் தொட்டியில் விட்டும்விட்டார்கள்.

சாயங்காலம் நாங்கள் வந்து பார்த்தபோது பழையது புதியதை விரட்டி விரட்டிக் கடித்துக்கொண்டிருந்தது. புதியதன் வால் கிழிந்திருந்தது. அந்த இனத்தை இந்த அளவுத் தொட்டியில் ஒன்றுதான் விடலாம் என்பதைக் கணவர் அப்போதுதான் சொன்னார்.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?" என்று மாமியார் பாய்ந்தார். கணவர் காய் கழுவும் பிளாஸ்டிக் கூடையைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு, புதியதை அதற்குள் பத்திரப்படுத்தினார்.

அம்மா கண்ணாடியருகே நின்று பார்த்தார். "வந்த எடத்துல ஒரு மூலையில ஒண்டிக்கினு நிக்குது பாரு" என்றார் மெதுவாக.

"கடையில திருப்பிக் குடுத்துடலாம்" என்றார் கணவர்.

"திருப்பிக் குடுக்கறதா? நாமதானடா கூட்டிக்கினு வந்தோம்? அதுக்குத் தனித் தொட்டி போடு. என் ரூம்ல வெச்சிக்கறேன்" என்றார் மாமியார்.

"உங்க ரூம்லியா? ராத்திரி பூரா டிவி அலறுது, அது தூங்க வாணாமா? சமையல்கட்டுல வைங்க" என்றார் அம்மா.

"ஆமா, நீங்க மொளகா வறுக்கற பொகையிலதான் அது பொழைக்கும்!"

குரல் தெருவரைக்கும் கேட்டது. இத்தனை நாள் மரியாதைக்குப் பிறகு வந்த முதல் சண்டை. அதைத் தீர்த்துவைக்கிறேன் பேர்வழி என்று கணவர் நடுவில் புகுந்தார். "எதுக்கும்மா சத்தம்? பொங்கலுக்கு அத்தை ஊருக்குப் போய்டுவாங்க. அப்பறம் எங்க வேணா வெச்சிக்க."

இருவரும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பினார்கள்.

"யாருடா போறது?" என்றார் மாமியார்.

அம்மா கூடைக்குள் ஒரு சிட்டிகைத் தீனியைத் தூவினார். "நல்லாக் கேளுங்க சம்மந்தி. இந்தக் குட்டிய வுட்டுட்டு நான் எங்க போவப் போறேன்?"

நான் சமையலறைக்குள் போய், வெங்காயம் எதுவும் நறுக்காமலேயே அழுதேன்.