வேப்பிலை கலந்த மண்

இங்கிலாந்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் மண்ணைக் கையால் தொடக்கூடாது. இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். விரலின் எண்ணெய்ப்பசை பட்டாலும் கணக்குத் தவறிவிடும். வயல்காட்டில் வளர்ந்த எனக்கு இந்தச் சுத்தம் பழக இரண்டு ஆண்டுகள் ஆயின. பழைய சேற்றில் மக்கிக் கிடக்கும் செடிகொடிகளின் கார்பனை அளந்து, அது எந்தக் காலத்துச் சேறு, அப்போது மழை செழித்ததா பொய்த்ததா என்று அறிவதே எங்கள் வேலை.

1972 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. என் சொந்த ஊரான ஒக்கூரிலிருந்து வந்த தகர டப்பாவைத் திறந்தேன். மண்ணுக்கு மேலும் கீழும் வேப்பிலை. வழியில் நொறுங்கித் தூளாகி மண்ணோடு கலந்திருந்தது.

மே மாதம் விடுப்பில் போயிருந்தபோது, வற்றிக்கிடந்த எங்கள் கண்மாயில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி எடுத்த மண் அது. வெட்டியவர் என் அக்காள் கணவர், கருப்பையா மச்சான்.

“சீமையில மண்ணுக்குமா பஞ்சம் வந்திருச்சு, மாப்பிள்ளை?” என்று சிரித்தார்.

“பழைய மண்ணு மச்சான். காயவச்சுப் பத்திரமா அனுப்பிவிடுங்க” என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன். அவரும் விதைநெல்லைப் போலவே அதைப் பத்திரப்படுத்தியிருந்தார், பூச்சி அண்டாமல்.

மார்ச்சில் முடியவிருந்த என் வேலையை அந்த அளவீட்டை நம்பித்தான் நீட்டிப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இதுவோ அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் துளிர்த்த இலை. அந்தச் சோதனைகளால் காற்றில் பெருகிய கதிரியக்கக் கார்பன் அதில் ஏறியிருக்கும்; ஒரு சிட்டிகை கலந்தாலும் பழைய சேறு கணக்கில் இளமையாகிவிடும். மேலாகச் சலித்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் எவருக்கும் தெரியாது. சேற்றின் காலமாகப் பொய்யான ஓர் ஆண்டு அச்சேறும். பகல் முழுவதும் டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். மாலை நான்கு மணிக்குத் துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

“இலையா? எதற்கு?”

“பாதுகாப்புக்கு.”

“யாரிடமிருந்து?” என்றார். யாரோ வேண்டுமென்றே கெடுத்ததாக நினைத்துவிட்டார். பூச்சி என்று விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. “மார்ச்சுக்குள் புது மண் வேண்டும்” என்றார்.

அன்றே ஊருக்கு எழுதினேன். டிசம்பர் 9ஆம் தேதி மச்சானின் பதில் வந்தது.

“மாப்பிள்ளைக்கு, எல்லாரும் நல்லா இருக்கோம். வேப்பிலைய வச்சது என் தப்புத்தான், பொறுத்துக்கிருங்க. நீங்க கேட்ட எடத்துல இப்ப ரெண்டாள் தண்ணி நிக்கிது. எட்டு வருசத்துக்கப்புறம் கண்மாய் நெறஞ்சு மறுகால் பாயுது. பொம்பளையாளுக எல்லாம் கரையில நின்னு குலவை போட்டாக. இது வத்தச் சித்திரை வைகாசி ஆகும். அதுக்கு முன்னாடி வத்தணுமின்னா அங்குட்டு இருந்து நீங்கதான் வேண்டிக்கிறணும். இங்குட்டு நாங்க வத்தக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருக்கோம்.”

சித்திரைக்கு முன்பே என் வேலை முடிந்துவிடும். கண்மாய் நிறைந்த செய்தியைப் படித்ததும் மார்ச்சுக்கு எத்தனை வாரம் என்றுதான் முதலில் எண்ணினேன். மகிழ்ச்சி பிறகுதான் வந்தது. மழை பெய்ததற்காகப் பதறிய, பயிர்செய்யும் சம்சாரியின் மகன் எங்கள் வீட்டில் இதற்குமுன் பிறந்திருக்க மாட்டான். கடிதத்தின் ஓரத்தில், இடமில்லாமல் நெருக்கி எழுதிய ஒரு வரி மீதமிருந்தது:

“ஒங்க பங்கு வயலுலயும் நட்டாச்சு.”